பூனைக் கட்சியும் எலிக் கட்சியும்

எங்கள் வீட்டில் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. அது ஒரு மரியாதையாம், மாமாவின் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தானாம். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. மாமா கூடத்தில் உட்கார்ந்து தூணைப் பார்த்து, "காபி வந்தா தேவலை" என்பார். நான் அடுப்பைப் பார்த்து, "கலந்தாச்சு" என்பேன். நடுவில் அத்தை இருந்தார்கள். டம்ளரையும் பேச்சையும் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே கொண்டுபோய்க் கொடுப்பது அவர்கள் வேலை.

அத்தை காலமான பிறகு அந்த வேலை என் கணவர் தலையில் விழுந்தது. அவர் துபாய்க்குப் போன பிறகும் விடவில்லை. ஒருநாள் மத்தியானம் மாமாவுக்குச் சோறு போட்டுவிட்டு அடுப்படிக்குள் நுழைந்தேன், போன் அடித்தது. "சாம்பார்ல உப்பு கம்மியாம். அப்பா சொல்றாரு" என்றார் கணவர். எட்டிப் பார்த்தால் மாமா போனை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர்போல அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருக்கிறார். உப்பு ஜாடியைக் கொண்டுபோய் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "வச்சாச்சுன்னு சொல்லிடுங்க" என்று துபாய்க்குத் தகவல் சொன்னேன்.

"என்னைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆக்கிட்டீங்க ரெண்டு பேரும்" என்று அவர் அலுத்துக்கொண்டார்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில். நான் டவுன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். பையன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறான். ஆக, அவ்வளவு பெரிய வீட்டில் மாமாவும் நானும்தான். அவர் விடியும் முன் வயலுக்குப் போவார், நான் எட்டு மணி பஸ்ஸுக்கு ஓடுவேன். சாயங்காலம் இரண்டு பேரும் வீட்டில் இருப்போம், வீட்டில் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்கும்.

டி.வி. இருந்தது, ஆனால் அதில் பார்க்க எங்களுக்கு ஒன்றும் இல்லை. செய்திச் சேனலில் நாலு பேர் ஒரே சமயத்தில் கத்துவது மாமாவுக்கு ஆகாது. சீரியல் எனக்கு ஆகாது. மாமியார் மருமகள் சண்டையை இழுத்து இழுத்து வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள், நல்ல மாமியாரைப் பறிகொடுத்தவளுக்கு அதைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். லீவுக்கு வந்திருந்த பையன் டி.வி.யில் நெட் இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். ஒருநாள் சாயங்காலம் ரிமோட்டில் எதையோ அழுத்தப்போக, பழைய பூனை எலி கார்ட்டூன் ஒன்று தானாக ஓட ஆரம்பித்தது. என் சின்ன வயதிலேயே பழசாகிப்போன சரக்கு. பூனை துரத்துகிறது, எலி ஓடுகிறது, பாத்திரம் பண்டம் எல்லாம் உடைகிறது. மாற்றலாம் என்று ரிமோட்டைத் தூக்கினேன்.

"இருக்கட்டும்" என்றார் மாமா, மின்விசிறியைப் பார்த்து.

முழுசாகப் பார்த்தார். கடைசியில் பூனையின் வால் எலிப்பொறிக்குள் மாட்டிக்கொள்ள, அது கூரையைப் பிய்த்துக்கொண்டு அலறியது. எலி வளைக்குள் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மாமா உச்சுக்கொட்டினார்.

"நல்ல பூனை. பாவம்."

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. "எலி என்ன தப்பு பண்ணுச்சாம்? பசிக்கு ஒரு துண்டு ரொட்டி எடுத்துச்சு."

சொல்லிவிட்டு எனக்கே திக்கென்றது. மாமா என் பக்கம் திரும்பவில்லை. டி.வி.யைப் பார்த்தபடியே, "பசிக்கு ஒரு துண்டா? வயலுக்கு வந்து பாக்கச் சொல்லு" என்றார்.

யாரிடம் சொன்னார்? டி.வி.யிடம்தான். ஆனால் இத்தனை வருஷத்தில் நான் சொன்ன வார்த்தைக்கு அவர் வாயிலிருந்து நேராக வந்த முதல் பதில் அது. துபாய் வழியாகப் போகாமல் வந்தது.

மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு டி.வி. முன்னால் தயாராக இருந்தார். மேசைமேல் ஒரு கைப்பிடி நெற்பயிர் கிடந்தது. ஒவ்வொரு தண்டும் கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல அடியோடு வெட்டுப்பட்டிருந்தது. எலி வெட்டு. சம்பா கதிர் பால் பிடிக்கிற நேரம். அந்தச் சமயத்தில் எலி இறங்கினால் வயல் நடுவில் வட்டவட்டமாக மொட்டையடித்துவிட்டுப் போகும், தின்பது கொஞ்சம், வெட்டிப் போடுவது மிச்சம். கோர்ட்டில் சாட்சிப் பொருள் வைப்பதுபோல அதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்! நானும் விடவில்லை. "வயலெலி வேற, வீட்டெலி வேற. ஒண்ணு செஞ்சதுக்கு இன்னொண்ணைத் திட்டினா எப்படி?" என்று டி.வி.யிடம் முறையிட்டேன். அறிவியல் டீச்சர் அல்லவா?

"ஜாதி எல்லாம் ஒண்ணுதான்" என்றார் டி.வி.யிடம்.

அப்படித்தான் எங்கள் வீட்டில் பூனைக் கட்சியும் எலிக் கட்சியும் உண்டாயின. பூனை வீட்டுக்காகப் பாடுபடுகிறது, சம்பளம் இல்லை, பிடிக்கத் தவறினால் துடைப்பத்தால் அடி வேறு என்பது மாமாவின் வாதம். எலி சின்னது, அதற்கு இந்த வீட்டில் நாதி கிடையாது, மூளை ஒன்றுதான் துணை என்பது என் வாதம். தூரத்திலிருந்து வந்து இன்னொருவர் வீட்டில் சுவரோரமாகவே நடந்து பழகியவளுக்கு எலியைப் பிடிக்காமல் என்ன செய்யும்? இதை மட்டும் நான் டி.வி.யிடம்கூடச் சொல்லவில்லை.

வீடியோவுக்குக் கீழே ஊர் உலகத்து ஜனங்கள் கமெண்ட் போட்டிருப்பார்கள். போனில் அதைத் திறந்து சத்தமாக வாசிப்பேன், பொதுவாக, கூடத்துக்கு. பள்ளிக்கூடம் போகும் வயதில் எலிக்குக் கைதட்டியதாகவும், வேலைக்குப் போய் மேனேஜரிடம் திட்டு வாங்க ஆரம்பித்த பிறகுதான் பூனையின் கஷ்டம் புரிந்ததாகவும் ஒருவர் எழுதியிருந்தார். மாமா தொடையில் தட்டினார். "யாரு பெத்த புள்ளையோ, வெவரமான ஆளு" என்றார். இன்னொருவர், இரண்டுமே உள்ளுக்குள் சிநேகிதம்தான், வீட்டுக்காரம்மாவை ஏமாற்றத்தான் சண்டை போடுவதுபோல நடிக்கின்றன என்று எழுதியிருந்தார். இது மாமாவுக்குப் பிடிக்கவில்லை. "ரெண்டு பக்கமும் பேசறவன்" என்று ஒதுக்கித் தள்ளினார். ஒரு பெண், குழந்தை சாப்பிட மறுக்கும்போதெல்லாம் இதைப் போட்டுத்தான் ஊட்டுகிறேன், எலி ஜெயிக்கும்போது ஒரு வாய், பூனை விழும்போது ஒரு வாய் என்று எழுதியிருந்தாள். எனக்கு அந்த முகம் தெரியாத பெண்ணை மிகவும் பிடித்துப்போனது. பையனுக்கு ஊட்ட நானும் எத்தனை கூத்து ஆடியிருக்கிறேன்.

ஒருநாள் மாமா வெகுநேரம் எதையோ யோசித்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "அந்த எலி வளைக்கு ரெண்டாவது வாசல் எங்க? இத்தனை பேரு பாக்குறாங்க, ஒருத்தரும் கேக்கலியா?"

கார்ட்டூனில் சுவர் ஓரத்தில் அழகாக வளைவு வைத்து ஒரே ஒரு பொந்துதான். அதுதான் அவருக்கு உறுத்தியிருக்கிறது. எந்த எலியும் ஒரே வாசல் வைத்து வளை தோண்டாதாம். போக வர ஒன்று, ஆபத்துக்கு ஓட இன்னொன்று. அந்த இரண்டாவதை உள்ளேயிருந்து லேசாக மண் போட்டு மூடி வைத்திருக்குமாம், வெளியிலிருந்து பார்த்தால் வாசல் என்றே தெரியாதாம். "ஒத்தை வாசல் வச்சுக்கிட்டு இது எப்படி இத்தனை நாளு உசுரோட இருக்கு? படம் எடுத்தவன் வரப்புல நடந்திருக்க மாட்டான்" என்றார்.

நான் அதை அப்படியே கமெண்டாகப் போட்டேன். நிறையப் பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். "ஐயா, இது கார்ட்டூன்" என்று ஒருவர் புத்திமதி சொன்னார். மாமாவுக்கு முகம் சுருங்கிப்போய்விட்டது. ஆனால் இரண்டு நாள் கழித்து ஒருவர், "அய்யா சொல்றது சரி, எங்க வயல்லயும் அப்படித்தான்" என்று எழுதினார். எந்த ஊர் ஆள் என்று போடவில்லை. "நம்மளாட்டம் கடைமடை ஆளாத்தான் இருக்கும்" என்று மாமா முடிவு கட்டிவிட்டார். அன்று ராத்திரி ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பதவி உயர்வு வந்தது. தலைமையாசிரியை. பள்ளிக்கூடம் தஞ்சாவூரையும் தாண்டி. எங்கள் ஊரிலிருந்து திருத்துறைப்பூண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து மன்னார்குடி வழியாகத் தஞ்சாவூருக்கு ஒரு பஸ், பிறகு ஒரு டவுன் பஸ். தினமும் போய்வர முடியாது. வேண்டாம் என்றால் வரிசை போய்விடும், எனக்குப் பின்னால் இருப்பவர்கள் முன்னால் போய்விடுவார்கள். திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்றார்கள்.

ஆசையை ஏன் மறைக்க வேண்டும்? எனக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது. சோதனைக்கூடத்தைப் பூட்டி, சாவியைப் பத்திரமாக மேசை டிராயரில் வைத்திருந்த தலைமையாசிரியர்களிடம் எத்தனை வருஷம் கெஞ்சியிருக்கிறேன்! ஒரு பள்ளிக்கூடமாவது என் கையில் கிடைத்தால் முதல் நாளே அந்தப் பூட்டை எடுத்துவிட வேண்டும் என்று மனசுக்குள் எப்போதோ முடிவு செய்தாகிவிட்டது.

ஆனால் மாமாவை என்ன செய்வது? போன நடவு சமயத்தில் வரப்பில் சறுக்கி விழுந்ததிலிருந்து முழங்கால் சரியில்லை. வெளிச்சம் மங்கினால் கண்ணும் மங்குகிறது. அதெல்லாம்கூடச் சமாளிக்கலாம். அவருக்கு காஸ் அடுப்பைப் பற்ற வைக்கத் தெரியாது. வாழ்நாளில் ஒரு டம்ளர் காபி தானாகக் கலந்து குடித்ததில்லை.

"அப்பாவையும் கூட்டிட்டுத் தஞ்சாவூர் போயிடு" என்றார் கணவர். பிறகு எக்ஸ்சேஞ்ச் வேலை நடந்தது. "பயிரை வயல்ல விட்டுட்டு எங்க வர்றதுங்குறாரு" என்று பதில் வந்தது. அது நியாயமான பதில்தான், எனக்கு அதில் கோபமில்லை. "அப்ப நான் வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன். அப்பாகிட்ட இதைச் சொல்லாதீங்க" என்றேன். சொல்லாமல் இருப்பாரா? வாங்கிய பேச்சை அந்தப் பக்கம் கொடுத்தே பழகிப்போன மனுஷன்.

அன்று வெள்ளிக்கிழமை. ஏழு மணிக்கு வழக்கம்போல உட்கார்ந்தோம். அன்றைக்கென்று பார்த்து இப்படி ஒரு கதை வந்து தொலைந்தது. அடி தாங்க முடியாமல் எலி துணிமணியைச் சின்ன மூட்டையாகக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறது. பூனை குதித்துக் கும்மாளம் போடுகிறது, நாற்காலியில் கால்மேல் கால் போட்டுப் படுக்கிறது. பிறகு அதற்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து போய்க் காலியான பொந்துக்கு முன்னால் உட்கார்ந்துகொள்கிறது.

என்னால் பொறுக்க முடியவில்லை. "எலி போயிட்டா பூனை என்ன பண்ணும்?" என்று டி.வி.யைக் கேட்டேன்.

"பூனைக்கென்ன. பால் இருக்கு, படுக்க எடம் இருக்கு."

"பாலைக் காய்ச்ச யாரு இருக்கா?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எலி எதுக்குப் போவுதாம்?" என்று கேட்டார்.

"வேற ஊர்ல பெரிய வேலையாம்."

"பெரிய வேலைன்னா போவ வேண்டியதுதானே?"

"போகலை. வேண்டாம்னு சொல்லப்போவுது" என்றேன். ரிமோட்டை எடுத்து டி.வி. சத்தத்தைக் கூட்டினேன்.

மாமா எழுந்து உள்ளே போய்விட்டார். படம் முடியும் முன் அவர் எழுந்து போனது அதுதான் முதல் தடவை. எலி திரும்பி வந்ததா இல்லையா என்று நானும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலையில் பால் தீய்ந்த வாசனை என்னை எழுப்பியது. பதறிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். பால் பொங்கி, அடுப்பெல்லாம் வழிந்து, மேடையிலிருந்து தரைக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் அணைந்த தீக்குச்சிகள். லைட்டர் ஆணியில் தொங்குகிறது, அது எதற்கு என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நடுவில் மாமா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிடிதுணிக்குப் பதிலாகத் தோளிலிருந்த துண்டால் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றார்.

அடுப்பைப் பார்த்துச் சொன்னார்: "பூனை கத்துக்கிட்டிருக்கு."

எனக்குச் சிரிப்பு முந்திக்கொண்டு வந்தது, பிறகு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தரையைத் துடைக்க உட்கார்ந்தேன். எழுந்து பார்த்தால் மேடைமேல் ஒரு டம்ளர் காபி இருந்தது. இரண்டு நாளைக்கான டிகாக்‌ஷனை ஒரே டம்ளரில் ஊற்றியிருந்தார். வேப்பெண்ணெய் தோற்றுவிடும். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

அன்று முழுக்க மாமா அடுப்படியை விட்டு நகரவில்லை. மத்தியானம் குக்கரில் அரிசி வைத்தார். விசில் வருவதற்குள் மூன்று தடவை மூடியைத் திறக்கப் போனார், நான் "ஐயோ" என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். சோறு குழைந்துபோய் வந்தது. அவர் அதில் மோரை ஊற்றிக்கொண்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்பதுபோலத் தூணைப் பார்த்துத் தலையாட்டினார். இவ்வளவு வயதான பிறகு, எனக்காக, இந்த மனுஷர் ஏன் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டும்? சோறு வடிக்கக் கற்றுக்கொள்ளலாம். வரப்பில் விழுந்தால்? கண் தெரியாமல் படி தவறினால்? இல்லை, எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று இன்னும் பிடிவாதமாக நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டி.வி.யைப் போட்டேன். பூனை துரத்த ஆரம்பித்தது. எனக்குப் பேசத் தோன்றவில்லை, கமெண்ட் வாசிக்கவும் தோன்றவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மாமா ரிமோட்டை எடுத்து, பட்டனைக் கண்ணுக்கு அருகில் வைத்துத் தேடி, டி.வி.யை அணைத்தார்.

கூடம் நிசப்தமாகிவிட்டது. இப்போது எதைப் பார்த்துப் பேசுவது? நான் எழுந்து உள்ளே போய்விடலாமா என்று பார்த்தேன். மாமா நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். தூணைப் பார்க்கவில்லை, மின்விசிறியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"அம்மாடி" என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"உக்காரும்மா. தஞ்சாவூர்ல ஒரு வீடு பாரு. திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் நீ அங்க இரு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இங்க வந்துரு. அறுப்பு முடியட்டும், கோடைக்கு நான் அங்க வந்து கெடக்கறேன். அடுத்த வருஷம் பாதி நெலத்தைக் குத்தகைக்கு விட்டுடறேன்."

"முழங்காலு…" என்று ஆரம்பித்தேன்.

"வயலுக்குத் தனியா எறங்க மாட்டேன். எலி பிடிக்க வயல்ல கிட்டிப் பொறி வைக்கிறவன் தெனமும் வர்றான், அவனோட போயிட்டு அவனோட வந்துருவேன். காபிதான் இன்னும் சரியா வரலை. வந்துரும்." பேசிப் பழக்கமில்லாத பேச்சு, மூச்சு வாங்கியது. "நீ இந்த வீட்டை விட்டுப் போறதா யாரு சொன்னா? எலிக்கே ரெண்டு வாசல் இருக்கும்மா. நமக்கு இருக்கக் கூடாதா?"

எனக்குக் கண் மறைத்தது. துடைக்கவும் தோன்றவில்லை. "எலிக் கட்சிக்கு எப்ப வந்தீங்க மாமா?" என்று கேட்டேன். மாமா என்று அவர் முகத்தைப் பார்த்து நான் கூப்பிட்டது அப்போதுதான். இத்தனை வருஷம் மற்றவர்களிடம் சொன்ன சொல், அவரிடம் சொல்லும்போது வாயில் புதிதாக இருந்தது.

"வரலை. நான் பூனைதான்" என்றார் மாமா. "வெள்ளிக்கிழமை வரைக்கும் வாசல்ல உக்காந்திருப்பேன், அவ்வளவுதான்."

அப்போது போன் அடித்தது. துபாய். எடுத்தேன்.

"நாளைக்குச் சொல்லணுமே. அப்பாகிட்ட இன்னொரு தடவை நான் பேசிப் பாக்கட்டுமா?" என்றார் கணவர்.

"வேண்டாம்" என்றேன். "மாமா என்கிட்டயே சொல்லிட்டாங்க."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கட்டாகவில்லை.